உன் அம்மாவின் கடிகாரம் என் கையில் இருந்தது

கண்ணு,

வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் இதைத் திறக்காதே. ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, அந்த ஊர்க் குளிருக்கு ஒரு காப்பியைப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்து படி. போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீயும் நானும் பேசி இரண்டு வருஷம் ஆகப் போகிறது. முதல் பேச்சிலேயே யாராவது ஒருத்தர் போனை வைத்துவிடுவோம். அது நீயாக இருக்காது, நானாகத்தான் இருக்கும் என்று உன் அம்மா சொல்கிறாள். தபாலில் போட்டால் உன் கல்யாணம் முடிந்த பிறகுதான் ஜெர்மனிக்கு வந்து சேரும் என்பதால், நான் எழுத எழுத அவள் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். அதனால் அவளுக்குத் தெரியாமல் இதில் எதுவும் இல்லை. எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. விஷயம் இதுதான். ஆவணியிலிருந்து கார்த்திகை வரைக்கும் உன் போனில் அம்மா என்று பெயர் போட்டு நீ தினமும் பார்த்துக்கொண்டிருந்தாயே, அந்த இதயத் துடிப்பு அவளுடையது இல்லை. என்னுடையது. அய்யோ, அம்மா நன்றாக இருக்கிறாள், அதை முதலில் எழுதியிருக்க வேண்டும். இப்போதுகூட எதிரில் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்று குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இதை இப்போது சொல்லாமல் விட முடியாது. கல்யாணம் முடிந்த மறுநாள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பழனிக்குக் கூட்டிப் போவது நம் வழக்கம். அம்மாவையும் படியிலேயே ஏற்றிக் கூட்டிக்கொண்டு போகலாம், இழுவை ரயிலெல்லாம் வேண்டாம் என்று போன வாரம் நீ எழுதியிருந்தாய். "இப்பத்தான் நல்லா நடக்கறீங்களேம்மா, நெஞ்சுத் துடிப்பும் சரியாயிருச்சு, பயமில்லாம ஏறிருவீங்க" என்று எழுதியிருந்தாய். உன் அம்மா அதைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். நீ போட்டிருக்கிற திட்டம் எல்லாம் என் நெஞ்சை நம்பிப் போட்டது. அந்தப் படியில் அவள் பாதியில் விழுந்தாளானால் அந்தப் பாவம் உன் தலையில் ஏறக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அவளுடைய உடம்பு உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் நீ ஊரைவிட்டுப் போன பிறகு நான் புரிந்துகொண்டதை ஒரு முறை சொல்கிறேன், வாத்தியாருக்குப் பாடம் ஒப்பிக்கிற மாதிரி. அந்தக் காய்ச்சல் வந்து எழுந்ததிலிருந்துதானே இது. படுத்திருந்தால் ஒன்றுமில்லை. உட்கார்ந்திருந்தாலும் சமாளிப்பாள். எழுந்து நின்றால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், கண் இருட்டும், கை நடுங்கும். கோயமுத்தூரில் நீ கூட்டிப்போய்க் காட்டின டாக்டர் அதற்கு டிஸ்ஆட்டோனோமியா என்று பெயர் சொன்னார். இதயத்தில் பழுது இல்லை, நாம் நினைக்காமலே இதயத்தையும் ரத்த ஓட்டத்தையும் நடத்துகிற நரம்புகள் தாளம் தப்பிவிட்டன என்றார். எழுந்து நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்கிவிடுகிறது, மேலே போதவில்லை என்று இதயம் பதறி ஓடுகிறது. எனக்கு அன்றைக்கு அது மண்டையில் ஏறவில்லை. பிறகு ஒரு நாள் கிணற்றில் தண்ணீர் இறங்கி, மோட்டார் காற்றை இழுத்துக்கொண்டு கத்தினபோதுதான் ஏறியது. மோட்டாரைத் திட்டி என்ன செய்வது, தண்ணீர் வேண்டும். அதனால்தான் அந்த டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார், இவளுக்கு உப்பைக் கூட்டிச் சாப்பிடச் சொன்னார், தொடை வரைக்கும் இறுக்கிப் பிடிக்கிற காலுறை போடச் சொன்னார். சொந்தம் முழுக்க ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைத்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் சொம்பு மோரில் உப்பை அள்ளிப் போட்டுக் குடிப்பதை வருகிறவர்கள் எல்லாம் கண்ணை அகட்டிக்கொண்டு பார்ப்பார்கள்.

அப்போதுதான் நீ தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கோயமுத்தூரில் ஆசுபத்திரிப் பக்கம் வீடு பார்க்கலாம் என்றாய். நான் மாட்டேன் என்றேன். "உங்களுக்கு அம்மாவ விடத் தென்ன மரம் பெருசாப் போச்சுங்களா?" என்று கேட்டாய். நான் "அப்படியே வெச்சுக்க, நீ உன்ற வழியப் பாத்துட்டுப் போ" என்றேன். நீயும் அப்பனுக்குப் பிறந்த பிள்ளை, சொன்ன சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டு போய்விட்டாய். விமானம் ஏறுகிற அன்றைக்கு அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாய். நான் கட்டுத்தரையில் மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டு நின்றேன், நீ அந்தப் பக்கம் திரும்பவில்லை. கார் கிளம்பின சத்தம் கேட்ட பிறகும், போட்ட மாட்டுக்கே மறுபடியும் தட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். அது உனக்குத் தெரியாது, தெரியவும் நியாயமில்லை.

உன் நிச்சயதார்த்தத்துக்கு நீ வந்து போன நாலு நாளும் நாம் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தும் பேசவில்லை. அந்தப் படங்கள் வந்தபோது உன் அம்மா தன்னைப் பார்த்துவிட்டு, "நானாங்க இது?" என்றாள். ஓடியாடித் திரிந்தவள் இரண்டு வருஷமாக உட்கார்ந்தே இருந்தால் உடம்பு போடாமல் என்ன செய்யும்? பெண் வீட்டில் யாரோ ஓர் அம்மாள், நல்ல மனசோடுதான், "கொஞ்சம் எடையக் கொறைங்க, இந்தக் கெறக்கமெல்லாம் தானாப் போயிருமுங்க" என்று சொல்லியிருக்கிறார். அது இவள் மனசில் போய் உட்கார்ந்துகொண்டது. உன் முகூர்த்தத்தன்று மண்டப வாசலில் நின்று, வருகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு வாங்க வாங்க என்று அழைக்க வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு. நகை வேண்டும், பட்டு வேண்டும் என்று கேட்டிருந்தால்கூட நான் சண்டை போட்டிருப்பேன். நிற்க வேண்டும் என்று கேட்கிறவளிடம் என்ன சண்டை போடுவது? வாரம் ஒரு தடவை வயிற்றில் போட்டுக்கொள்கிற ஊசி இருக்கிறது, பசியே எடுக்காது, எடை தானாக இறங்கும் என்று எங்கேயோ கேட்டுவிட்டு வந்தாள். கோயமுத்தூரில் எடை குறைக்கிற கிளினிக் ஒன்றுக்கு நான்தான் வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே வேறு ஏதாவது வியாதி உண்டா, மருந்து சாப்பிடுகிறீர்களா என்று அந்த டாக்டர் கேட்கத்தான் செய்தார். அவர்மேல் நான் பழி போட மாட்டேன். நம் ஆட்களுக்கு ஒரு புத்தி உண்டே, பல் டாக்டரிடம் பல்லைப் பற்றி மட்டும், கண் டாக்டரிடம் கண்ணைப் பற்றி மட்டும் பேசுவோம், மற்றதைச் சொன்னால் அவருக்கு எதற்கு என்று நினைப்போம். அதே புத்தியில், "எப்பவாச்சும் தலை சுத்துமுங்க, வேற ஒண்ணுமில்லீங்க" என்றாள். உப்பு மோர் குடிப்பதைச் சொன்னால் திட்டுவார் என்று அதையும் விழுங்கினாள். உப்பைக் குறையுங்கள் என்று அங்கே கொடுத்த சாப்பாட்டு அட்டையில் போட்டிருந்தது, அன்றைக்கே மோரில் உப்பை நிறுத்தினாள். ஒரு டாக்டர் கூட்டச் சொன்னதை இன்னொரு டாக்டர் குறைக்கச் சொல்கிறாரே, இரண்டு பேரையும் ஒரு வார்த்தை கேட்போம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை, கண்ணு. வண்டி நிறுத்தின இடத்தில் வெயில் விழுகிறதே என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஊசி வேலை செய்தது, பொய் சொல்லக் கூடாது. ஒரே மாதத்தில் ரவிக்கை தொளதொளவென்று ஆனது. இரண்டு இட்லி வைத்தால் ஒன்றைக் கோழிக்குப் போடுவாள். பசி மட்டும் போகவில்லை, தாகமும் போய்விட்டது. தண்ணீர்ச் சொம்பு வைத்த இடத்திலேயே இருக்கும். எழுந்து நின்றால் முன்னைவிட மோசமாக அடித்துக்கொண்டது. துடிப்பை எண்ணி உன் போனுக்குக் காட்டுகிற மாதிரி நீ வாங்கி அனுப்பின கடிகாரம் அவள் கையில் துடித்துத் துடித்துச் சத்தம் போட, அடுத்த நிமிஷம் உன் போன் வரும். "அம்மா, நூத்தி நாப்பது காட்டுது, என்ன பண்ணீட்டு இருக்கறீங்க?" என்று நீ கத்துவது கட்டுத்தரை வரைக்கும் கேட்கும். ஒரு நாள், "ஒண்ணுமில்ல கண்ணு, மாடிப்படி ஏறுனேன்" என்றாள். "நம்மூட்டுல ஏதுங்கம்மா மாடி?" என்று நீ கேட்டாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு அழுகைதான் வந்தது.

அன்றைக்குத்தான் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினாள். "ஏனுங்க, கல்யாணம் முடியற வரைக்கும் இத நீங்க கட்டிக்குங்க. பையன் அங்க ஒத்தையில கெடந்துட்டு ஒவ்வொரு தடவயும் பயந்து சாகறான்." சாணி வழிக்கிற கையில் எனக்கெதற்கு இந்தக் கருமம் என்றேன். "தண்ணி பட்டா ஒண்ணுமாகாதுன்னு அவனே சொல்லியிருக்கறான், கழுவிக்கலாமுங்க" என்று அவளே கட்டிவிட்டாள். ஊதா நிறப் பட்டை. பால் சொசைட்டியில் மலையாளத்துக்காரச் செக்ரட்டரி பார்த்துவிட்டு, "எந்தா சேட்டா, புதிய வாட்ச் ஒக்கே!" என்று கேட்டார். மகன் எனக்கு வாங்கிக் கொடுத்தது என்றேன். சொன்ன பிறகுதான் அது பொய் என்று உறைத்தது. ஆனால் சொன்னபோது வாய்க்கு இனிப்பாக இருந்தது.

இனி எழுதப் போவதைப் படித்து நீ சிரித்தாலும் பரவாயில்லை. மறுநாள் காலையில் உன் மெசேஜ் வந்தது, அம்மா அடுப்படியிலிருந்து சத்தமாகப் படித்தாள். "நேத்து சரியாவே தூங்கலயாட்ட இருக்குதுங்களேம்மா. என்னத்த நெனச்சுட்டுப் படுத்திருந்தீங்க?" நான் பால் கறந்துகொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. எனக்கு இந்த வயசாகிறது, நீ தூங்கினாயா என்று என்னை யாரும் கேட்டதில்லை. என் அப்பன் கேட்டதில்லை. உன் அம்மா பக்கத்திலேயே படுத்திருக்கிறவள், அவளுக்குக் கேட்கத் தோன்றியதில்லை. ஏழு கடலுக்கு அப்பாலிருந்து நீ கேட்டாய். அவளைத்தான் கேட்டாய், தெரியும். ஆனால் தூங்காமல் புரண்டது நான்தானே? என்னத்தை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன் என்றால், உன்னைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அதை எப்படி எழுதச் சொல்வது? "செவலை கன்னு போடற மாதிரி இருந்துச்சு, அதான்னு போடு" என்றேன். அவள் அப்படியே போட்டாள்.

அதற்குப் பிறகு எனக்குக் கிறுக்குப் பிடித்தது மாதிரி ஆகிவிட்டது. நீ கொஞ்சம் நடங்கம்மா என்று எழுதினால், வேலை முடிந்த பிறகும் வாய்க்கால் மேடு வரைக்கும் ஒரு நடை போய் வருவேன். "சூப்பர்ங்கம்மா!" என்று நீ எழுதுவாய். அந்த ஒரு வார்த்தைக்காக மழையிலும் நடந்தேன். பக்கத்துத் தோட்டத்துக்காரனோடு தண்ணீர் முறைக்குச் சண்டை வந்த அன்றைக்கு, வீடு திரும்புவதற்குள் உன் கேள்வி வந்துவிட்டது. "மத்தியானம் யாருகூடச் சண்டை போட்டீங்க? நெஞ்சு அந்த அடி அடிச்சிருக்குது!" உன் அம்மா வாழ்நாளில் யாரோடும் சண்டை போட்டவள் இல்லை. அவள் ஏதோ சமாளித்து எழுத, நீ திருப்பி எழுதினாய். "அம்மா, வரவர நீங்க அப்பாவாட்டவே ஆயிட்டு வர்றீங்க." அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் போனை வாங்கி, அப்பா என்று நீ எழுதியிருந்த அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு இருந்தேன். இரண்டு வருஷத்தில் நீ அந்த வார்த்தையை எழுதி நான் பார்த்தது அன்றைக்குத்தான். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன்.

அந்த ஆசைதான் கண்ணை மறைத்தது. இவள் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டு வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் அடுப்படிக்குப் போனாள். போதும், கழற்றிக் கட்டிக்கொள், பையனுக்குச் சொல்லிவிடுவோம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் காலையில் எனக்கு மெசேஜ் வராதே! கிளினிக்கில் ஊசியின் அளவைக் கூட்ட வேண்டிய நாள் வந்தபோது, டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்து, துடிப்பு கொஞ்சம் அதிகமாக இருக்கிறதே, படபடப்பு உண்டா என்றார். "வந்த களைப்புங்க" என்று சொல்லிவிட்டு, இவள் போனை எடுத்து நீ பார்க்கிற அதே கோடுகளைக் காட்டினாள். ஏறாமல் இறங்காமல் ஒழுங்காக இருந்தது. அவர் சந்தோஷப்பட்டு அளவைக் கூட்டினார். ஊதாப் பட்டை கட்டின கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. என் நெஞ்சைப் பார்த்து அவளுக்கு மருந்து கூட்டினார்கள், கண்ணு.

ஐப்பசிக் கடைசியில் முகூர்த்தப் பட்டு எடுக்கக் கோயமுத்தூர் போனோம். பெண் வீட்டார் வருவதற்கு முன்னாலேயே கடைக்குப் போய்விட்டோம். உட்காருங்க என்று கடைக்காரப் பெண் சொன்னாள். இவள் கேட்கவில்லை, மருமகளுக்கு எடுக்கிற சேலையை நின்று பார்க்க வேண்டுமாம். அரக்கு நிறத்தில் ஒன்றைத் தோளில் போட்டுக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "ஏனுங்க" என்று ஒரு தரம் கூப்பிட்டாள். நான் திரும்புவதற்குள் அந்தச் சேலையோடு தரையில் கிடந்தாள். முகம் சுண்ணாம்பாக இருந்தது. நாடியைப் பிடித்தால் எண்ண முடியாத ஓட்டம். யாரோ தண்ணீர் தெளித்தார்கள், யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினார்கள். அந்த நேரம் அவள் கைப்பையில் போன் அடித்தது. நீதான். அவள் விழுந்தது உனக்கெப்படித் தெரிந்தது என்று போனையே பார்த்தேன். அப்புறம்தான் விளங்கியது, தெரிந்தது அவள் விழுந்தது இல்லை. என் நெஞ்சு பதறினதை என் கையிலிருந்த கடிகாரம் உனக்குச் சொல்லிவிட்டது. போனை எடுத்தேன். "அம்மா? அம்மா? என்னாச்சுங்கம்மா? பேசுங்கம்மா!" என்றாய். எவ்வளவு நாள் கழித்து உன் குரல் என் காதுக்குள்! அப்பா பேசறேன் சாமி என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லாமலே போனை வைத்துவிட்டேன். கடையில் கூட்டம், அதனால் சரியாகக் கேட்கவில்லை என்று சாயங்காலம் உனக்கு வந்த மெசேஜ் ஆசுபத்திரிக் கட்டிலிலிருந்து அவள் போட்டது.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டரம்மா என்னென்ன மருந்து என்று கேட்டபோதும் இவள் ஊசியைச் சொல்லவில்லை. அது எடைக்குத்தானே என்றாள். நான்தான், "இல்லீங்க, வாராவாரம் ஒரு ஊசி போடறாங்க, நின்னா மயக்கம் வர்ற வியாதியும் இருக்குதுங்க, அது ஊசி போட்டவருக்குத் தெரியாதுங்க" என்று எல்லாவற்றையும் கொட்டினேன். கடிகாரத்தையும் கழற்றி மேசைமேல் வைத்தேன். அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பொறுமையாக விளக்கினார். அந்த ஊசி யாருக்குப் போட்டாலும் இதயத் துடிப்பைக் கொஞ்சம் கூட்டக்கூடும், பெரும்பாலானவர்களுக்கு அது பெரிய விஷயம் இல்லை. இவளுக்கோ ஏற்கெனவே நின்றால் ஓடுகிற நெஞ்சு. பசியும் தாகமும் அடங்கி, சாப்பாடும் தண்ணீரும் குறைந்து, உப்பும் நின்று, உடம்பில் ஓட வேண்டிய நீரே வற்றிப் போயிருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது என்றார். கெட்ட மருந்து என்று நான் சொல்ல மாட்டேன், இந்த வியாதியைத் தெரிந்த டாக்டரும் ஊசி போடுகிற டாக்டரும் பேசிக்கொண்டு, பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டிய காரியம் என்றார். ஈசிஜி எடுத்தார்கள், நரம்பில் உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். பாட்டில் இறங்க இறங்க அவள் முகத்தில் நிறம் ஏறினதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வற்றின கிணற்றில் ஊற்றுக் கண் திறந்ததைப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

ஊசியை நிறுத்தியாகிவிட்டது. நீ காட்டின பழைய டாக்டரிடமே திரும்பப் போய், கிளினிக்கின் சீட்டையும் அவர் முன்னால் வைத்தோம். இப்போது உப்பு மோர், காலுறை, படுத்தபடியே காலை ஆட்டுகிற பயிற்சி என்று பழைய வழிக்கு வந்துவிட்டோம். எடை ஏறத்தான் ஏறுகிறது. ரவிக்கை மறுபடியும் பிடிக்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து அழுதாள். விழுந்ததற்கு அழாதவள் அதற்கு அழுதாள். "மாப்பிள்ள ஊட்டு அம்மா நிக்கக்கூட முடியாம நாக்காலியில குக்கிட்டுக் கெடக்கறாள்னு பேசுவாங்களேங்க" என்றாள். அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். மண்டப வாசலில் இரண்டு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். ஒன்றில் அவள், ஒன்றில் நான். வருகிறவர்களை இரண்டு பேருமே உட்கார்ந்தபடிதான் கும்பிடுவோம். திமிரைப் பார், எந்திரிச்சு நின்று கூப்பிட மாட்டானா என்று ஊர் என்னைப் பேசட்டும். என்னைப் பேசி ஊருக்குப் பழக்கம்தான். அவளை யாரும் பேச மாட்டார்கள். பழனிக்கு இழுவை ரயிலிலேயே போகலாம், அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போக நான் இருக்கிறேன். நீ உன் பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு படியில் ஏறி வா, நாங்கள் மேலே காத்திருக்கிறோம்.

வீடு மாறுகிற விஷயம். அவள் விழுந்தது கோயமுத்தூர்க் கடைவீதியில், ஆசுபத்திரி எட்டிப் பிடிக்கிற தூரம். அதே இங்கே, நான் தென்னந்தோப்பின் அந்தக் கோடியில் மோட்டார் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் விழுந்திருந்தால்? அதை நினைக்காத நாள் இல்லை. நீ சொன்னதில் பாதி சரி. பாதிதான், முழுசும் என்று நினைத்துக் குதிக்காதே. மாடுகளை விட்டுவிட்டு எந்த அடுக்குமாடியில் போய் நான் உட்காருவது? ஆனால் பேசலாம். நீ வா, எதிரில் உட்கார், எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரட்டும், நானும் கத்துகிறேன், நீயும் கத்து. அப்படிக் கத்தி எத்தனை நாளாயிற்று! இந்த ஊட்டில் சத்தமே இல்லை, கண்ணு. உன் அம்மா முணுமுணுப்பாள், மாடு கத்தும், மோட்டார் ஓடும். என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேச ஆள் இல்லை. அதற்கும் ஏங்குவேன் என்று யார் நினைத்தார்கள்?

ஆசுபத்திரியிலிருந்து வந்ததும் பழையபடி என் கையிலேயே ஏறிக்கொண்ட கடிகாரத்தை நேற்றுக் காலையில் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, அவள் கையில் கட்டிவிட்டேன். நேற்றிலிருந்து நீ பார்ப்பது உன் அம்மாவுடையதுதான். எழுந்து நின்றால் ஏறும், உட்கார்ந்தால் இறங்கும். ஏறினால் பதறாதே, உட்காரும்மா என்று மட்டும் சொல். தண்ணீர் குடித்தாயா என்று கேள். நான் கேட்டால் எரிந்து விழுகிறாள், நீ கேட்டால் குடிக்கிறாள். என் மணிக்கட்டில் பட்டை இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் வெளுத்துக் கிடக்கிறது. இன்றைக்குக் காலையில் பால் கறக்கும்போது அடுப்படிப் பக்கம் காது போனது, பழக்கதோஷம். அவள் உன் மெசேஜைப் படித்தாள். "நேத்து நல்லாத் தூங்கியிருக்கறீங்கம்மா, சந்தோசம்" என்று எழுதியிருந்தாய். அவள் தூங்கினாள், உண்மைதான். நான் தூங்கவில்லை. இனிமேல் அதை உனக்குச் சொல்ல என் கையில் ஒன்றும் இல்லை. தெரிய வேண்டுமென்றால், என்னைக் கேட்டால்தான் உண்டு.

அப்பா